ரேஸர் விமலின் சகோதரி

விமல்ராஜுக்கு ரேஸில் எட்டு வருட அனுபவம். அந்த எட்டு வருடத்தில் அவன் ஒரே ஒரு முறை மூன்றாவதாக வந்தான். அன்று மழை. புறப்பட்ட ஒன்பது கார்களில் ஐந்து சறுக்கிக்கொண்டு போய் மணலில் உட்கார்ந்துவிட்டன. மிச்சம் நாலு. அந்த நாலில் மூன்றாவது. அதற்கு ஒரகடம் கூட்டு ரோட்டில் நாற்பதடி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்: ‘மழையை வென்ற மாவீரன்’. நாலாவதாக வந்தவர் கியர்பாக்ஸ் உடைந்து, கடைசி மூன்று சுற்றையும் இரண்டாம் கியரிலேயே ஓட்டி முடித்தவர் என்பதை ஃப்ளெக்ஸில் போட இடமில்லை.

துபாயிலும் ஒரு முறை ஓட்டியிருக்கிறான். பணம் கட்டினால் அங்கே இரண்டு நாளைக்குக் காரும் மெக்கானிக்கும் வாடகைக்குக் கிடைக்கும். பத்தொன்பது பேரில் பதினேழாவது. ஊர் திரும்பியபோது ‘துபாயைக் கலக்கிய தமிழன்’ ஆகியிருந்தான். விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய ஆட்கள் போனார்கள். வேனும் அப்பா ஏற்பாடு, ஆட்களும் அப்பா ஏற்பாடு. பிள்ளைப்பாக்கம் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிவதற்கு ஆறு மாதம் முன்னாலேயே தெரிந்துகொண்டவர் அவர். மகன் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பின்னால் யாரோ ஒருவரின் நெல்வயல் இருந்தது. பேட்டிகளில் மட்டும் விமல்ராஜ், “எங்கப்பா கம்பெனில ஷிஃப்ட் பார்த்தவர்” என்பான். பார்த்தவர்தான். நாலு மாதம்.

போன வருடம் வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலுக்கு ரேஸ் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறி நசுங்குவதை வீடியோ எடுக்க வேண்டும். முதல் பழம் உருண்டுவிட்டது. இரண்டாவதில் விமல்ராஜின் முகம் சரியாக விழவில்லை. பதினோரு பழம் ஆனது. குருக்கள் பொறுமையாக நின்றார். பக்தர்கள்தான் வெயிலில் முனகினார்கள்.

இதெல்லாம் இளம்பரிதிக்கு நேரில் தெரியும். மெக்கானிக்கல் படித்தவன், விமல்ராஜின் டீமில் டேட்டா இன்ஜினியர். கார் ஒவ்வொரு சுற்று வரும்போதும் டிரைவர் எங்கே பிரேக்கை மிதித்தான், எங்கே காலை எடுத்தான் என்பது அவன் லேப்டாப்பில் கோடு கோடாக விழும். பயம் என்ற சொல்லே தனக்குத் தெரியாது என்று விமல்ராஜ் மேடையில் சொல்வான். டிராக்கின் மூன்றாவது வளைவுக்கு நூற்றிருபது மீட்டர் முன்பே அவன் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும். மற்றவர்கள் ஐம்பது மீட்டரில்தான் எடுப்பார்கள். ஒரு நாள் கியரைச் சரிபார்க்க மெக்கானிக் மாரிசெல்வம் அதே காரை நாலு சுற்று ஓட்டினான். விமல்ராஜைவிட ஒன்றரை விநாடி வேகம். அந்த நாலு சுற்றின் பதிவையும் அழித்துவிடச் சொன்னாள் மேனேஜர் ஸ்ரீமதி. விமல்ராஜின் பேட்டி, வீடியோ, ஃப்ளெக்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவள்தான். இளம்பரிதி அழித்தான். யாருக்கும் கோபமோ சிரிப்போ வரவேண்டிய விஷயம்தான் அது. அவனுக்கு இரண்டும் வரவில்லை.

பதினாலு மாதமாக எதுவும் வருவதில்லை. அவன் மனைவி ஷெர்லினுக்கு இருபத்தாறு வயதில் டெங்கு வந்தது. முதல் நாள் வெறும் காய்ச்சல் என்றார்கள். ஆறாம் நாள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் இருந்த நாட்களில் அவனுக்கு நினைவிருப்பது பிளேட்லெட் எண்கள்: எண்பத்து நாலாயிரம், நாற்பத்தோராயிரம், பதினேழாயிரம். கோடு போட்டால் ஒரே சரிவு. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் ‘சரி’ என்று சொல்லிப் பழகிவிட்டான்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஷெர்லினின் அம்மா அமலா போன் செய்தாள். அவள் ஒரகடத்தில் ஒரு கார் பாகங்கள் கம்பெனியில் காண்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங். அந்த நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் இருக்கவேண்டியவள்.

“மாப்ள, எங்க கீற?”

“வீட்ல அத்த. ஏன்?”

“கூட்டு ரோட்டுக்கு வா. பஸ்ஸ வுட்டு எறங்கிட்டேன். நம்ம ஷெர்லினு தொங்குறா.”

அவனுக்குப் புரியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அமலா நீல நிறக் கோட்டோடு, டிபன் பையை மார்போடு அணைத்தபடி ரோட்டோரம் நின்றிருந்தாள். கையை நீட்டவில்லை. தாடையால் மேலே காட்டினாள்.

மின்கம்பத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் விமல்ராஜ் கைகட்டிக்கொண்டு நின்றான். முகத்தில் சோகம், அதற்கென்று தனியாக ஒரு நாள் படம் எடுத்திருந்தார்கள். அவன் பக்கத்தில் ஷெர்லின். முதல் கல்யாண நாளில் இளம்பரிதி அவளை எடுத்த படம். அதே படத்தைத்தான் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குக் கொடுத்திருந்தான். அஞ்சலியில் இருந்த சிலுவையை அழித்திருந்தார்கள். புறாவை அழிக்கும்போது ஒரு சிறகின் நுனி அவள் தோளருகே தங்கிவிட்டது. கீழே பெரிய எழுத்தில்: ‘ஹெல்மெட் அணிந்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பாள் இந்தச் சகோதரி! உறவை இழந்த வலியுடன், உங்கள் ரேஸர் விமல்.’

“ஹெல்மெட் போடாம செத்தாளா என் பொண்ணு?” என்றாள் அமலா. “தெரு முனைல பால் வாங்கப் போனாக்கூட பட்டைய மாட்டிகினுதான் போவா. ‘ஏண்டி, பால்காரன் இன்னா உன்ன இடிக்கவா வர்றான்’னு நான் கிண்டல் பண்ணுவேன். அவளப் போய்...”

“ஏதோ தப்பு நடந்திருக்கு அத்த.”

“பஸ்ல அத்தினி பேரும் எட்டிப் பார்த்தாளுங்க. ‘டெங்குன்னியே அமலாக்கா, மறைச்சிட்டியா’ன்றா ஒருத்தி. நான் இன்னா மறைச்சேன்?”

இளம்பரிதி அவளைக் கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனான். ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் அந்தக் கடையை நடத்துபவன் பகலவன். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி, சாவு எல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான் பிறக்கும். இளம்பரிதியைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“ணா, பார்த்தீங்களா? கலர் நல்லா வந்திருக்குல்ல? உங்களுக்குன்னு நல்ல மெட்டீரியல்ல போட்டேன்.”

“எனக்கா?”

“உங்க ஆபீஸ் ஆர்டர்தானே. மேட்டர் மட்டும் அனுப்பிச்சாங்க. செத்துப்போன சகோதரின்னு. ‘லேடீஸ் படம் ஒண்ணு நீங்களே பார்த்துப் போட்டுக்கோங்க’ன்னாங்க. விமலண்ணன் டீம்ல செத்தது யாரு? உங்க வூட்லதானே? அண்ணிய நெனச்சி செய்றாங்க போலன்னு நெனச்சேன். ஃபைல் எங்கிட்டயே இருந்துச்சு.” பகலவனின் குரல் இறங்கியது. “இன்னாணா... இல்லையா?”

“அவ டெங்குல செத்தா பகலவா. அஞ்சலி ஃப்ளெக்ஸ் நீதான் அடிச்ச.”

“அதுல எப்டி செத்தாங்கன்னு போடலையேணா. தேதிதானே போட்டோம்.”

இதற்கு மேல் அவனிடம் கோபப்பட முடியவில்லை. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை முப்பத்தாறு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான் இளம்பரிதி. பகலவன் தலையைச் சொறிந்தான். அவர்கள் பொருளை அவன் கழற்றினால் விமல்ராஜின் அப்பா ஆட்கள் கடைக்கு வந்துவிடுவார்கள். “நீங்க அங்க ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்கணா. அரை நாள்ல எறக்கிடறேன்.”

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவன் வெள்ளிக்கிழமை டிராக்குக்குப் போனான். பயிற்சி ஓட்டம். ஸ்ரீமதி கூடாரத்துக்குள் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்து இரண்டு போனில் வேலை செய்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. இரண்டு போனையும் கீழே வைத்தாள்.

“ஐயோ, இளம்பரிதி. சாரி. நிஜமா தெரியாது. நான் உங்க வைஃபைப் பார்த்ததே இல்லையே. அந்தக் கடைக்காரன் இப்படியா பண்ணுவான்?”

“அவன் தப்பில்ல. இன்னிக்குக் கழட்டிடலாம்.”

“கண்டிப்பா.” அதிர்ச்சி கலைந்து, அவள் கண்ணில் கணக்கு ஓட ஆரம்பித்ததை அவன் பார்த்தான். “ஒரே ஒரு விஷயம். நேத்து விமல் அந்த ஃப்ளெக்ஸ் முன்னாடி நின்னு பேசின வீடியோ பதினோரு லட்சம் பேர் பார்த்திருக்காங்க. நாளைக்கு ஒரகடத்துல சேஃப்டி ஃபங்ஷன். ஹெல்மெட் கம்பெனிக்காரங்க அதைப் பார்க்கத்தான் வராங்க. வர்ற சீசனே அவங்கள நம்பித்தான். இன்னிக்குக் கழட்டினா அது பொய்னு ஆயிடும்.”

“பொய்தான்.”

“பொய்னு யாருக்குத் தெரியும்?”

“எங்க அத்தைக்குத் தெரியும்.”

ஸ்ரீமதி பதில் சொல்வதற்குள் கார் வந்து நின்றது. விமல்ராஜ் இறங்கினான். ஆறடி, நல்ல தாடி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் முதலில் தலைமுடியைச் சரிசெய்துகொள்வான்; நேரம் எவ்வளவு என்று அப்புறம்தான் கேட்பான். ஸ்ரீமதி அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் கனிந்தது. இளம்பரிதியின் தோளில் வியர்வைக் கையை வைத்தான்.

“ப்ரோ. உன் வைஃபா அது? எனக்கு அப்பவே ஏதோ ஒரு கனெக்‌ஷன் தோணுச்சு ப்ரோ. அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் அழுகையே வந்துச்சு. நாலாவது டேக்ல பார்த்திருப்பியே.”

“கழட்டச் சொல்லுங்க. அவ டெங்குல செத்தா.”

“டெங்குக்கு யாரு ப்ரோ ரேஸ் ஓட்டுவா?”

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான், பதிலுக்காகக் காத்தும் நின்றான். இளம்பரிதி அந்த முகத்தைப் பார்த்தான். உள்ளே யாரும் இல்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போலிருந்தது.

“இது உன் லாஸ் மட்டும் இல்ல ப்ரோ,” என்றான் விமல்ராஜ். “இப்ப தமிழ்நாட்டோட லாஸ். நாலு பேர் இதப் பார்த்து ஹெல்மெட் போட்டா அவங்களுக்குத்தானே புண்ணியம்? சனிக்கெழம முடியட்டும். கார் முன்னாடி அவங்க பேரை எழுதிடலாம். பெருசா. ஸ்ரீ, நோட் பண்ணிக்கோ.”

“சரி,” என்றான் இளம்பரிதி. என்ன பேர் என்று விமல்ராஜும் கேட்கவில்லை, ஸ்ரீமதியும் கேட்கவில்லை. கார் மறுபடி புறப்பட்டது. லேப்டாப்பில் கோடு ஓட ஆரம்பித்தது. இளம்பரிதியின் கை பழக்கத்தில் அதன் பக்கம் போனது. மூன்றாவது வளைவு. நூற்று முப்பது மீட்டர். வழக்கத்தைவிடப் பத்து மீட்டர் முன்னாலேயே கால் எழுந்திருந்தது.

சாயங்காலம் பிள்ளைப்பாக்கத்தில் அமலா வீட்டுக்குப் போனான். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன் அத்த. சனிக்கிழமைக்கு அப்புறம் எடுத்துடறாங்களாம்.”

“அதுக்கு நீ இன்னா சொன்ன?”

அவன் தண்ணீரைக் குடித்தான்.

“உம் கொட்டினு வந்துட்ட,” என்றாள் அமலா. “சரி வுடு. என் கதையக் கேளு. காலைல மீட்டிங்ல சேஃப்டி ஆபீசர் என்னைய முன்னாடி கூப்ட்டு நிறுத்தறான். ‘நம்ம அமலாம்மாவோட பொண்ணு ஹெல்மெட் போடாத காரணத்தால’ன்னு ஆரம்பிச்சான். மொத்த லைனும் ஒரு நிமிசம் கண்ண மூடினு நிக்குது. ‘டெங்கு சார்’ன்னேன். ‘அப்ப ஏம்மா ஃப்ளெக்ஸ்ல போட்டிருக்காங்க’ன்றான். படிச்சவன் கேக்கறான் மாப்ள. பெத்தவ வாய நம்பல, ஃப்ளெக்ஸ நம்பறான்.”

“நாளைக்கு ஃபங்ஷனுக்குப் போகாதீங்க.”

“எங்க கம்பெனி கிரவுண்டுலதான் ஃபங்ஷனு. மேடைல என் கைல அந்த ரேஸ்காரன் ஹெல்மெட் குடுக்கப் போறானாம். வரலன்னா காண்ட்ராக்ட்காரன் வேலைக் கார்டைப் புடுங்கிடுவான்.” சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். “நான் அத வாங்கினா இன்னா அர்த்தம்? ஆமாய்யா, என் பொண்ணு அப்டித்தான் செத்தான்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. கல்லறைல மண்ணு கூட இன்னும் அமுங்கல.”

அவள் எழுந்து உள்ளே போனாள். அவன் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விமல்ராஜை இகழ அவனுக்குச் சொற்கள் குறைவில்லை. எட்டு வருடத்தின் ஒவ்வொரு சுற்றும் அவன் லேப்டாப்பில் இருந்தது. ஆனால் ‘சரி’ என்று சொல்லிவிட்டு வந்த ஒருவன் அவனை இகழ்ந்து என்ன ஆகப்போகிறது?

சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனியின் பஸ் நிற்கும் மைதானத்தில் அறுநூறு பேர். காலை ஷிஃப்டைப் பாதியில் நிறுத்திக் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலி முன்வரிசைக்கு மட்டும். மற்றவர்கள் தரையில், தலையில் கைக்குட்டை விரித்து. மேடைக்குக் கீழே ரேஸ் கார். விமல்ராஜ் பேசும்போது ஸ்ரீமதி கை காட்டுகிற இடங்களில் இன்ஜினை உறும விட வேண்டும். அதற்குத்தான் இளம்பரிதியை வரச்சொல்லியிருந்தார்கள். அந்தக் காரில் ஸ்டார்ட் செய்யப் பேட்டரி கிடையாது, எடை மிச்சம். வெளியிலிருந்து பேட்டரி வண்டியைத் தள்ளி வந்து கேபிளைச் சொருக வேண்டும். இன்ஜினை எழுப்புவது இளம்பரிதி. காலால் மிதித்து உறும விடுவது உள்ளே உட்கார்ந்த மாரிசெல்வம்.

விமல்ராஜ் மைக்கைப் பிடித்தான்.

“நான் உங்க வீட்டுப் பிள்ளை. உங்கள மாதிரி ஒரு லைன் தொழிலாளியோட மகன்.”

ஸ்ரீமதி கை காட்டினாள். உறுமல். கைதட்டல். இன்ஜினை அணைத்தார்கள்.

“முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போறப்ப நான் கடவுள நினைக்கிறதில்ல. இந்தச் சகோதரியத்தான் நினைக்கிறேன். கூடப் பிறக்காத தங்கச்சி. ஹெல்மெட்ட மாட்டிக் கண்ண மூடினா அவ முகம்தான். தினமும் அவகூடப் பேசறேன்.”

அந்தக் கார் இருநூற்றுப் பத்தைத் தாண்டாது. இளம்பரிதி மேடையின் பின்னால் கட்டியிருந்த பெரிய ஃப்ளெக்ஸைப் பார்க்காமல் இருக்க, கேபிளின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அந்தத் தங்கச்சியப் பெத்த தாய் இங்க இருக்காங்க. அம்மா, வாங்க.”

அமலா நீல நிறக் கோட்டோடு படியேறினாள். விமல்ராஜ் குனிந்து அவள் காலைத் தொட்டான். முன்வரிசையில் ஹெல்மெட் கம்பெனிக்காரர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். சிவப்பு ஹெல்மெட் ஒன்றை அவள் கையில் வைத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். “ஒரு வார்த்தை பேசுங்கம்மா,” என்று விமல்ராஜ் மைக்கை நீட்டினான். கூட்டம் அழத் தயாராகும் நேரம் அது. அவனுக்கு அதெல்லாம் நன்றாகத் தெரியும்.

அமலா ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு மைக்கை வாங்கினாள்.

“நல்லா பேசின தம்பி. தினமும் அவகூடப் பேசறேன்னு சொன்ன. சந்தோசம். ஒண்ணு கேக்கறேன். என் பொண்ணு பேரு இன்னா?”

விமல்ராஜ் சிரித்தான். “எனக்குத் தங்கச்சிம்மா. தங்கச்சினு கூப்ட்டே பழக்கம்.”

“செரி. தங்கச்சி பேரு இன்னா?”

தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. ஸ்ரீமதி மேடை ஓரத்துக்கு ஓடி வந்தாள். இளம்பரிதியைப் பார்த்துக் கையை உயர்த்தி வேகமாகச் சுழற்றினாள். ஸ்டார்ட் பண்ணு. உறும விடு. ஒரு நிமிடம் உறுமினால் போதும். மைக்கில் யார் என்ன பேசினாலும் கேட்காது. பாட்டைப் போட்டுவிடலாம், விமல்ராஜ் கையசைக்கலாம், முடிந்துவிடும்.

மாரிசெல்வம் காருக்குள்ளிருந்து அவனைப் பார்த்தான். “இன்னா பண்றது?”

இளம்பரிதி கேபிளைப் பிடுங்கினான். பேட்டரி வண்டியைத் தள்ளிக்கொண்டு இருபதடி தூரம் போய், கேபிளைச் சுருட்டி அதன் மேல் வைத்துவிட்டு நின்றான். ஸ்ரீமதி பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். பதினாலு மாதத்தில் முதல் முறையாக, முடியாது என்று.

மாரிசெல்வம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

மேடையில் விமல்ராஜ் ஸ்ரீமதியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் தெரியாது. “ஷா... ஷாலினி,” என்றான்.

“ஷெர்லினுடா!” என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். மைதானமே திரும்பிப் பார்த்தது.

“ஷெர்லின்,” என்றாள் அமலா நிதானமாக. “தெரிஞ்சிக்கோ. பிரேக் டியூப் கம்பெனில குவாலிட்டி பார்த்தா. அவ கைக்குத் தப்பி ஒரு ஓட்ட டியூபு வெளிய போனதில்ல. ஆறு நாள் டெங்குல கெடந்து, கட்டில்ல செத்தா. ரோட்டுல இல்ல.” விமல்ராஜ் பக்கம் திரும்பினாள். “ஹெல்மெட் போட்டா கொசு கடிக்காதா தம்பி?”

முதலில் பெண்கள் பக்கம் வெடித்தது. பிறகு அறுநூறு பேரும். முன்வரிசை நாற்காலிகளில்கூட இரண்டு பேர் வாயைப் பொத்தினார்கள். சேஃப்டி ஆபீசர் தன் காகிதங்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தான். விமல்ராஜும் சிரித்தான். எட்டு வருடம் கேமரா முன்னால் நின்ற பழக்கம். எல்லோரும் சிரித்தால் தானும் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். மைக்கைக் கேட்டுக் கையை நீட்டினான். அமலா மைக்கை மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினாள். ஹெல்மெட்டை வைக்கவில்லை. நல்ல ஹெல்மெட், அதை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஸ்ரீமதி இளம்பரிதியிடம் வந்தாள். “உங்களுக்கு வேலை இல்ல. லேப்டாப்பக் குடுத்துட்டுப் போங்க.”

“சரி,” என்றான். இந்த முறை அந்தச் சொல் வாயில் வேறு மாதிரி இருந்தது.

அமலா கேட்டருகே நின்றாள். அவள் கார்டு இருக்குமா போகுமா என்று திங்கட்கிழமை தெரியும். “வண்டிய எடு,” என்றாள். “பொண்ண எறக்கணும்.” சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிப் பட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

இளம்பரிதி போன் செய்ததும் பகலவன் தன் குட்டி யானை வண்டியோடு கூட்டு ரோட்டுக்கு வந்துவிட்டான். வரும்போதே வீடியோவைப் பார்த்திருந்தான். யாரோ மேடையை எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஏணி இருந்தது, பேப்பர் வெட்டும் பிளேடு இருந்தது. ஆனால் முகத்தில் பயமும் இருந்தது.

“ணா, மொத்தமா எறக்கினா அவங்கப்பா என்னைய எறக்கிடுவாரு.”

“மொத்தமா எதுக்கு?” என்றாள் அமலா. “அவன் காசு, அவன் மூஞ்சி. அது எனக்கு எதுக்கு? என் பொண்ணு மட்டும் எறங்கினா போதும். அவன் தொங்கட்டும்.”

இளம்பரிதி ஏணியில் ஏறினான். அருகில் பார்த்தபோது ஷெர்லின் முகம் அவன் உடம்பளவு இருந்தது. புள்ளி புள்ளியாகப் பிரிந்து, முகமாகவே தெரியவில்லை. அது வசதியாக இருந்தது. தோளைச் சுற்றி, கூந்தலைச் சுற்றி, புறாச் சிறகின் நுனியையும் சேர்த்து வெட்டினான். ஓரம் நேராக வரவில்லை. துண்டு கழன்று விழும்போது அமலா கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். தரையில் படவிடவில்லை. உள்பக்கமாகச் சுருட்டினாள். கம்பெனி பஸ் ஒன்று வேகம் குறைத்து, ஜன்னல் நிறையத் தலைகளோடு அவர்களைத் தாண்டிப் போனது.

மூன்றாவது கம்பத்தில்தான் இளம்பரிதிக்கு அழுகை வந்தது. ஏணி உச்சியில் நின்றபடி அழுதான், வெட்டுவதை நிறுத்தவில்லை. கீழே இருவரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்கள்.

நாலாவது ஃப்ளெக்ஸ் முடிந்ததும் காற்று எழுந்தது. ஷெர்லின் இருந்த இடத்தில் வானம் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் விமல்ராஜ் கைகட்டிச் சோகமாக நின்றான். காற்று ஓட்டை வழியாகப் புகுந்து போனது. ஃப்ளெக்ஸ் லேசாகக் குலுங்கியதோடு சரி.

பகலவன் தொழில்காரனின் கண்ணோடு அதைப் பார்த்தான். “காத்து போவ வழி கெடச்சிடுச்சுணா. நாங்களே ஓட்டை போட்டுத்தான் கட்டணும், நேரமில்லன்னு வுட்டுட்டோம். அப்டியே இருந்திருந்தா அடுத்த மழைல கிழிஞ்சி தொங்கியிருக்கும். இப்ப ஒரு வருசம் அசையாம நிக்கும்.”

“நிக்கட்டும்,” என்றாள் அமலா. “இன்னும் எத்தினி கீது?”

“முப்பத்திரெண்டு.”

இளம்பரிதி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தான்.